லிஃப்டில் ஒரு பெண், குரூப்பில் ஒரு கேள்வி

"இந்த ஒரு கதையை மட்டும் எடுத்துடுங்க சார்" என்றார் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் மனோகர்.

தை பிறந்து சில நாள் ஆகியிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பருத்திப்பட்டில் எங்கள் அடுக்குமாடியின் சங்க அறை. சங்க அறை என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு டேபிள் டென்னிஸ் மேசை, அதன்மேல் பொங்கல் விழாவில் மிஞ்சிய காகிதத் தட்டுகள், சுவரில் கேமராக்களின் படம் கட்டம் கட்டமாக ஓடும் ஒரு டி.வி. ஏரிப் பக்கத்து ஜன்னலைத் திறந்தால் கொசு வரும் என்று எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். உள்ளே பினாயில் வாசனையும் என்றைக்கோ பரிமாறிய சாம்பாரின் வாசனையும் கலந்து அடிக்கும்.

மேசைமேல் எங்கள் குடியிருப்புப் பிள்ளைகள் எழுதிய பேய்க்கதைகள். ஆண்டு விழாவுக்காக நடத்திய போட்டி. நான் நடுவர்.

"எதுக்கு எடுக்கணும்?" என்றேன்.

"போட்டி பேய்க்கதைப் போட்டி. இதுல பேயே கிடையாது. எழுதினவங்க பேரு போடலை, ஃப்ளாட் நம்பரும் போடலை. விதிப்படி செல்லாது சார்."

கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அதுவும் இல்லாம, இது வெளியில போச்சுன்னா நம்ம ஃப்ளாட்டை எவன் வாங்குவான்? கொஞ்சம் யோசிங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது. அந்தக் கோபம் இதை எழுதும்போதும் இறங்கவில்லை. வழக்கமாக இந்தத் தொடரைச் சிரித்துக்கொண்டே எழுதுகிறவன்தான். இந்த வாரம் வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பேய் சப்ளை செய்தவன்

போன வாரம் ஒரு வாசகர் போனில் கேட்டார். "என் பொண்ணு பத்தாவது படிக்கிறா. எந்தப் பேய்க்கதையைக் கொடுத்தாலும் சிரிக்கிறா சார். இந்தக் காலத்துப் பிள்ளைங்களைப் பயமுறுத்துற மாதிரி சின்னதா ஒரு கதை எப்படி எழுதறது?"

அவருக்குப் பதில் சொல்ல நான் தகுதியான ஆள் என்றுதான் நினைத்திருந்தேன். வாரப் பத்திரிகைகளுக்கு இத்தனை வருடம் பேய் சப்ளை செய்தவன். ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவில் ஒரு புளியமரத்தை நான் சும்மா விட்டதில்லை. கோவில்பதாகையில் ஒரு பாழுங்கிணற்றில் மட்டும் மூன்று பேரைத் தள்ளியிருக்கிறேன். அத்தனைக்கும் வாசகர் கடிதம் வந்தது. எல்லாம் ஐம்பது வயதுக்காரர்கள் எழுதியது.

என் மகன் ஒன்பதாவது படிக்கும்போது என் கதை ஒன்றை முதல்முறையாகப் படித்தான். படித்துவிட்டு, "இன்னா நைனா, இந்தப் பேய்க்கு வேற வேலையே கெடையாதா?" என்றான். அதோடு சரி, பிறகு என் கதைப் பக்கமே வரவில்லை.

அவன் பயமே அறியாத வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளியில் பெற்றோர் கூட்டம் என்றால் முதல் நாளே காய்ச்சல் என்று படுத்துக்கொள்வான். அவன் சினேகிதர்கள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்து இவனைக் கூப்பிடாமல் ஏரிக்கரைக்குப் போனது தெரிந்து இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தான். எல்லோர் முன்னாலும் அவன் குரல் உடைந்தது என்று பாட்டுப் போட்டியிலிருந்து ஓடியே வந்தான். இத்தனையும் என் கண்ணெதிரே நடந்தது. நானோ அறையில் உட்கார்ந்து, பாழுங்கிணற்றில் அடுத்த ஆளைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

வெள்ளைப் புடவைகள்

எங்கள் குடியிருப்பில் என்னை "லேண்ட் ஓனர் சார்" என்பார்கள். எங்கள் குடும்ப நிலத்தில் கட்டிய கட்டடம். நிலத்துக்குப் பங்காக இரண்டு ஃப்ளாட் வந்தது. முகத்துக்கு நேரே லேண்ட் ஓனர் சார், முதுகுக்குப் பின்னால் "லோக்கல் ஆளுங்க". எனக்கு இரண்டும் காதில் விழும்.

பேய்க்கதைப் போட்டி வேண்டும் என்று கேட்டது பிள்ளைகள்தான். சங்கம் திருக்குறள் ஒப்புவித்தல் என்றது. பிள்ளைகள் ஒரே பிடியாக நின்றார்கள். கடைசியில், "சரி, ஆனா கதையில ஒரு நீதி இருக்கணும்" என்று மனோகர் ஒப்புக்கொண்டார். பேய்க்கு நீதி எங்கிருந்து வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

பிள்ளைகளிடம் பேசச் சொல்லி ஒரு மாலை என்னை அழைத்தார்கள். நானும் சூழல், திருப்பம், முடிவு என்று அளந்துகொண்டிருந்தேன். பின்வரிசையில் கால்மேல் பையை வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அங்கிள், பேய் வந்தே ஆகணுமா?"

"வேணாம். படிக்கிறவங்களுக்குப் பயம் வந்தா போதும்" என்றேன்.

"எழுதறவங்களுக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து மழுப்பிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.

வந்த கதைகளை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்தேன். வெள்ளைப் புடவை, கொலுசுச் சத்தம், மூடிக் கிடக்கும் ஆஸ்பத்திரி, கண்ணாடியில் ரத்தம். போனில் பார்த்த அத்தனையும் வரிசையாக வந்து நின்றன. அரைத்த மாவையே அரைத்திருந்தார்கள், அதுவும் நான் அரைத்து வைத்த மாவு.

ஒரே ஒரு பையன் மட்டும் கொஞ்சம் தேறினான். மின்சார ரயிலில் தூங்கிப்போகிறான் ஒருவன். விழித்துப் பார்த்தால் ரயில் அண்ணனூர் பணிமனைக்குள் நிற்கிறது. போனில் சார்ஜ் இல்லை. வீட்டில் அவன் டியூஷனில் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள். கூப்பிட்டால் பொய் வெளியே வரும், கூப்பிடாவிட்டால் வெளியே போக முடியாது. அதுவரை அபாரம். நிமிர்ந்து உட்கார்ந்தேன். அடுத்த வரியில் ரயிலுக்குள் ஒரு வெள்ளைப் புடவை ஏறி, எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது.

கட்டின் அடியில் அந்தக் கதை இருந்தது. ஒன்றரைப் பக்கம். பெயர் இல்லை, ஃப்ளாட் எண் இல்லை.

அந்த ஒன்றரைப் பக்கம்

கதை இதுதான். ஒரு பெண் டியூஷன் முடிந்து வந்து லிஃப்டில் ஏறுகிறாள். லிஃப்ட் கிளம்பியதும் அவள் போனில், குடியிருப்பின் வாட்ஸ்அப் குரூப்பில், ஒரு போட்டோ வருகிறது. லிஃப்டுக்குள் நிற்கும் அவளுடைய போட்டோ. இந்த நிமிடம் எடுத்தது. கீழே ஒரு வரி: "இது யார் வீட்டுப் பெண்? பெற்றோர் தெரிவிக்கவும்."

அவளுக்குச் சிரிப்பு வருகிறது. அம்மா பார்த்துவிட்டுப் பதில் போடுவாள் என்று நிற்கிறாள். முதல் மாடியிலிருந்து ஒரு பதில் வருகிறது. "எங்கள் பெண் இல்லை." அவளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த ஆன்ட்டி போடுகிறார், "எங்கள் பெண் இல்லை." தினமும் பள்ளி வேனில் பக்கத்தில் உட்காரும் தோழியின் அப்பா போடுகிறார், "எங்கள் பெண் இல்லை." வரிசையாக வருகின்றன. லிஃப்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது.

கடைசியில் அம்மாவின் பெயர் தெரிகிறது. டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார். நின்றுவிடுகிறது. மறுபடி டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார். மறுபடி நின்றுவிடுகிறது. அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறாள்.

பதில் வருகிறது. "எங்கள் பெண் இல்லை."

லிஃப்ட் கதவு திறக்கிறது. அவள் மாடிதான். ஷூ ஸ்டாண்டில் அவள் செருப்பு இருக்கிறது. உள்ளே குக்கர் விசில் அடிக்கிறது, ரசத்துக்குத் தாளிக்கும் வாசனை வருகிறது. மணியை அடிக்கிறாள். அம்மா கரண்டியோடு வந்து கதவைத் திறக்கிறாள்.

"யாரும்மா வேணும்?"

உள்ளேயிருந்து தம்பி, "யாரும்மா அது?" என்கிறான்.

"தெரியலடா. வீடு மாறி வந்துட்டாங்க."

கதவு சாத்தப்படுகிறது. கதை முடிந்தது.

இத்தனை வருடம் பேய் விற்றவன் நான். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன்.

மழைக்காலத்துப் போட்டோ

என் மனைவி செல்வியிடம் தாளைக் கொடுத்தேன். அவள் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு படித்தாள். படித்ததும் தாளை மடியில் வைத்துவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"இது கத இல்லீங்க. நம்ம குரூப்புல நடந்துது."

"என்ன நடந்தது?"

"மழ சமயத்துல ஒரு போட்டோ போட்டாரே அந்தாளு. மறந்துட்டீங்களா?"

நான் குரூப்பைத் திறப்பதே இல்லை. செல்விதான் பார்ப்பாள். போனில் மேலே மேலே தள்ளி அந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காட்டினாள். 'பி' பிளாக் மாடிப்படித் திருப்பம். கேமராவுக்கு முதுகைக் காட்டி ஒரு பெண், பக்கத்தில் ஒரு பையன். இரண்டு பேர் தோளிலும் பள்ளிப் பை. ஒரே போனை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் இருக்கிறது. அதன் கீழே மனோகர்: "இது யார் வீட்டுப் பெண்? பெற்றோர் தெரிவிக்கவும்." பையனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்குக் கீழேதான் கூத்து. ஏ-101, எங்கள் பெண் இல்லை. ஏ-102, எங்கள் பெண் இல்லை. பெண்ணே இல்லாத வீட்டுக்காரர்கள்கூட ஓடிவந்து போட்டிருக்கிறார்கள். ஒருவர் கும்பிடும் கையும் சேர்த்திருந்தார். எல்லோரும் போடும்போது யார் போடவில்லையோ அவர்தான் மாட்டிக்கொள்வார். அதனால் அத்தனை வீடும் போட்டுவிட்டது. அந்தப் பெண்ணைப் பெற்ற வீடும் சேர்த்து.

"நீ என்ன போட்டே?" என்று கேட்டேன்.

செல்வி தேடிக் காட்டினாள். "இந்த வேலய வுட்டுட்டு மொதல்ல தண்ணி மோட்டார பாருங்க" என்று போட்டிருந்தாள். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. மோட்டாரையும் யாரும் பார்க்கவில்லை.

"பெத்தவ ஒருத்தி இதுக்குள்ளதான் கீறா. அவளும் இல்லன்னு போட்டுகினு, அந்தப் பொண்ணுக்கு சோறும் போட்டுகினு கீறா" என்றாள்.

பத்துப் பதினைந்து வயதுப் பிள்ளைகளை எது பயமுறுத்தும் என்று கேட்கிறவர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். செத்தவர்கள் திரும்பி வருவது அவர்களுக்குப் பெரிய விஷயமில்லை. உயிரோடு இருக்கிறவர்கள் எதுவுமே நடக்காதது மாதிரி நடந்துகொள்வதுதான் பயம். அந்தப் பெண் அம்மாவின் போனில் அந்த வரியைப் பார்த்திருக்கிறாள். பார்த்தது அம்மாவுக்குத் தெரியாது. மழைக்காலம் முடிந்து, மார்கழிக் கோலம் போட்டு, பொங்கல் பொங்கி, அத்தனை நாளும் அதே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள். தினமும் அதே லிஃப்ட். தினமும் அதே கேமரா. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். காக்கைக்கு வாட்ஸ்அப் குரூப் இல்லை.

மறுபடியும் அதே கேள்வி

சங்க அறைக்கு வருகிறேன்.

"பேய் இல்லைன்னு யார் சொன்னது?" என்றேன் மனோகரிடம். "இருக்கு. குரூப்புக்கு அட்மின் யாரு?"

அவர் முகம் இறுகியது. "பாதுகாப்புக்காகப் பண்றது சார். நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா நீங்களே என்னைத்தான் கேப்பீங்க."

"என்ன ஆச்சு? ரெண்டு பிள்ளைங்க போன் பாத்ததுல என்ன ஆச்சு?"

"உங்களுக்கு அந்த வயசுல பொண்ணு இல்லை சார். அதான் பேசறீங்க."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பது இதுதான். பெற்றவர்களைப் பயமுறுத்தியது இவர். அந்தப் பயத்துக்குப் பாதுகாப்பு கொடுக்கிறவரும் இவரே.

"இந்தக் கதைக்குத்தான் முதல் பரிசு" என்றேன். "நடுவர் நான்."

"யாருக்குக் கொடுப்பீங்க? பேரே இல்லையே" என்றவர், சட்டென்று ஏதோ தோன்றியவர்போல் போனை எடுத்தார். இரண்டு பக்கத்தையும் மேசையில் விரித்தார். போட்டோ எடுத்தார்.

"என்ன பண்றீங்க?"

"குரூப்ல போட்டா தெரிஞ்சிடப் போவுது" என்றார். நான் கையை நீட்டுவதற்குள் போட்டுவிட்டார். "இந்தக் கதையை எழுதியது யார் வீட்டுப் பிள்ளை? பெற்றோர் தெரிவிக்கவும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மனிதர் கதையை முழுக்கப் படித்திருந்தார். படித்து முடித்த கையோடுதான் அதைச் செய்தார். அவருக்கு அது உறைக்கவே இல்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்திருந்தால் டேபிள் டென்னிஸ் மட்டையை எடுத்திருப்பேன்.

வீட்டுக்கு வந்தால் செல்வி போனோடு சோபாவில் உட்கார்ந்திருந்தாள்.

"ஆரம்பிச்சிட்டாங்க" என்றாள்.

ஏ-101, எங்கள் வீடு இல்லை. ஏ-102, எங்கள் வீடு இல்லை. ஏ-204, எங்கள் பையன் ரயில் கதை எழுதினான், இது இல்லை. எங்கள் வீடு இல்லை. எங்கள் வீடு இல்லை. ஒருவருக்காவது தான் எந்தக் கதைக்குள் நின்று பதில் எழுதுகிறோம் என்று தோன்ற வேண்டாமா? படித்தவர்கள். கம்ப்யூட்டரில் உலகத்தையே ஓட்டுகிறவர்கள். செல்வியின் கையில் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது.

வாசலில் ஒரு பெண்

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அழைப்புமணி அடித்தது. வாசலில் பி-304 கவிதா. தேனிப் பக்கத்துக்காரர். கணவருக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை. பார்த்தால் சிரிப்பார், அதற்குமேல் எங்களுக்குப் பழக்கமில்லை. கையில் போனை இறுக்கிப் பிடித்திருந்தார். உள்ளே வந்தும் உட்காரவில்லை.

"சார், அந்தக் கதை எங்க மதுமிதா எழுதினது. அவ கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

பின்வரிசையில் கை தூக்கிய பெண்தான் மதுமிதா என்பது எனக்கு அப்போது தெரியாது.

"ரொம்ப நல்லா எழுதியிருக்கா" என்றேன்.

"அது கதை இல்ல சார். நான் போட்ட மெசேஜ்." உதடு கோணியது. "எல்லாரும் போட்டுட்டாங்க, நம்ம நம்பர் மட்டும் இல்லையேன்னு பயந்துட்டேன். போட்டுட்டேன். அவளை ஒரு வார்த்தை கேக்கலை, திட்டலை. அவளுக்குத் தெரியாமலே போயிடும்னு நெனச்சேன். அவ பாத்திருக்கா சார். பாத்துட்டு இத்தன நாளா அம்மா அம்மான்னுதான் கூப்பிட்டிருக்கா."

"இப்போ என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டுவிட்டேன். என் குரலில் இருந்த சூடு எனக்கே கேட்டது. அவர்மேல் இரக்கம் வந்திருக்க வேண்டும். அந்த நிமிடம் கோபம்தான் வந்தது.

"இன்னிக்கும் எல்லாரும் போட்டுட்டாங்க. எங்க நம்பர் ஒண்ணுதான் பாக்கி. நான் என்ன போடட்டும் சார்?"

"அத அவர்ட்ட கேக்கறியேம்மா" என்றாள் செல்வி. "ஒக்காரு மொதல்ல."

எங்க அம்மா

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது.

நான் எட்டாவதோ ஒன்பதாவதோ படித்த காலம். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டு அம்பத்தூரில் பகல் காட்சி பார்க்கப் போனேன். இடைவேளையில் முறுக்கு வாங்கும்போது எங்கள் பக்கத்து மளிகைக்கடைக்காரர் கையில் மாட்டினேன். அவர் என் காதைப் பிடித்துப் பஸ்ஸில் ஏற்றி, ஊருக்குக் கொண்டுவந்து, தெருமுனைக் குழாயடியில் நிறுத்தினார். தண்ணீர் பிடிக்க நின்ற அத்தனை பேர் முன்னாலும், "இது யார் ஊட்டுப் புள்ளமா? கேக்க ஆளு கீறாங்களா இல்லியா?" என்று சத்தம் போட்டார். அவருக்கு என்னை நன்றாகவே தெரியும். தெரிந்துதான் கேட்டார்.

வரிசையில் பக்கத்துவீட்டுப் பெண்கள் எல்லாம் இருந்தார்கள். எல்லோருக்கும் என்னைத் தெரியும். எல்லோரும் குடத்தைப் பார்த்தார்கள். அடி விழும் என்ற பயம் தனி. இந்தப் பயம் வேறு.

வரிசையின் கடைசியிலிருந்து அம்மா வந்தாள். கை ஈரமாக இருந்தது.

"எம்புள்ளதான். இன்னா இப்போ? காத வுடு மொதல்ல."

"ஒம்புள்ள சினிமா பாத்துகினு..."

"பாத்தான். நான் கேட்டுக்கிறேன். நீ கடயப் போய்ப் பாரு."

அன்று வீட்டுக்குள் விளக்குமாறு பிய்ந்துபோகும் வரை அடித்தாள். ஊர் வாயை மூட உலை மூடி இல்லை என்று அழுதுகொண்டே அடித்தாள். அந்த அடி வலித்ததா என்று இப்போது ஞாபகம் இல்லை. காதை விட்டதும் அங்கே பட்ட அம்மாவின் ஈரக்கை ஞாபகம் இருக்கிறது.

இதைக் கவிதாவிடம் சொன்னேன். நல்ல வார்த்தையாகச் சொல்லவில்லை, கோபமாகத்தான் சொன்னேன். "எங்கம்மா பள்ளிக்கூடம் போனதில்லைம்மா. குழாயடியில நூறு கண்ணு. அவங்களுக்கு மட்டும் பயம் இல்லையா?"

கவிதா சோபா நுனியில் உட்கார்ந்து போனை மடியில் வைத்துக்கொண்டார்.

டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார்

அடுத்து நடந்ததை நான் எந்தக் கதையிலும் எழுதியிருக்க முடியாது.

கவிதா குனிந்து எழுத ஆரம்பித்தார். எதிரே செல்வியின் கையில் இருந்த போனில், குரூப்பின் மேலே, அவர் பெயர் வந்தது. டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார். செல்வி போனை என் பக்கம் திருப்பினாள். நானும் பார்த்தேன்.

நின்றது. கவிதா அழித்தார். மறுபடி ஆரம்பித்தார். மறுபடி நின்றது.

ஆள் கண்ணெதிரே இருக்கிறார். நான்கு அடி தள்ளி. அவர் விரல் நகர்வது தெரிகிறது. ஆனாலும் நாங்கள் இரண்டு பேரும் அவரைப் பார்க்காமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தோம். கதையில் அந்தப் பெண் லிஃப்டில் எப்படி நின்றாள் என்று அப்போதுதான் முழுக்கப் புரிந்தது. மதுமிதாவும் இந்த நேரம் மேலே பி-304-இல் அப்பாவின் போனை வைத்துக்கொண்டு இதே வரியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். இல்லை என்று வந்துவிட்டால் அவளுக்கு இனி யார் இருக்கிறார்கள்? செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிங்.

"பி-304. எங்க பொண்ணு மதுமிதா எழுதினது. மழையில போட்ட போட்டோவும் எங்க பொண்ணுதான். அன்னிக்கு இல்லைன்னு போட்டது நான் பண்ணின தப்பு."

செல்வி ஒரு பெருமூச்சு விட்டாள். "சாப்ட்டு போம்மா" என்றாள். கவிதா சாப்பிடவில்லை. "அவ மேல காத்துட்டிருப்பா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினார்.

குரூப்பில் வெகுநேரம் சத்தமே இல்லை. அத்தனை வீடும் படித்திருக்கும். பிறகு மனோகர் போட்டார்: "பராமரிப்பு சம்பந்தமான தகவல்களை மட்டும் இந்தக் குரூப்பில் பகிரவும்." அதற்கு ஏழெட்டுப் பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். போனை வாங்கி ஜன்னல் வழியே எறியலாமா என்று வந்தது. செல்வியின் போன் என்பதால் விட்டுவிட்டேன்.

மூன்றாவது மாடி வரை

ஆண்டு விழாவில் மதுமிதாவுக்குத்தான் முதல் பரிசு. மேடையில் கதையைப் படிக்கக் கூடாது என்று சங்கம் முடிவு செய்தது. படிக்க என்ன இருக்கிறது? செயலாளரே போட்டோ பிடித்து ஊருக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டதே. பிள்ளைகள் அதைத் தங்கள் பள்ளி நண்பர்களுக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். ரயில் கதை எழுதிய பையன் என்னிடம் வந்து, லிஃப்டை விட்டுவிட்டு இப்போது படியில்தான் ஏறுகிறேன் என்றான்.

விழா முடிந்ததும் மதுமிதா சங்க அறைக்கு வந்தாள். பின்னால் கவிதா. பரிசுக் கோப்பையைத் தண்ணீர் பாட்டிலைப் பிடிப்பதுபோல் அலட்சியமாகப் பிடித்திருந்தாள்.

"அங்கிள், கதையோட முடிவை மாத்தச் சொல்றாங்க அம்மா."

"எப்படி?"

"அதான் இப்போ பதில் போட்டுட்டேனே, அதையே எழுது, அம்மா கட்டிப் பிடிச்சுக்கற மாதிரி முடின்னு சொல்றாங்க."

நான் கவிதாவைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்தார்.

"நீ என்ன சொன்னே?"

"மாட்டேன்னுட்டேன். அம்மா இப்போ சொன்னது நிஜம்தான். ஆனா அன்னிக்கு நான் பயந்ததும் நிஜம்தானே அங்கிள்?"

அந்தக் குழந்தை கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. அழுதிருந்தால் பரவாயில்லை. கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோல் கேட்டாள்.

கவிதாதான் சொன்னார். "அப்படியே இருக்கட்டும் சார். மாத்த வேணாம்."

இருவரும் கிளம்பினார்கள். மனோகர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சுவரில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. 'பி' பிளாக் லிஃப்டின் கட்டத்தில் அம்மாவும் மகளும் ஏறுவது தெரிந்தது. கதவு சாத்தியது. மதுமிதா எதையும் கண்டுகொள்ளாமல் போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கவிதா அவள் தோளில் கையைப் போட்டு இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். பிறகு தலையை நிமிர்த்திக் கேமராவை நேராகப் பார்த்தார். மூன்றாவது மாடி வரும் வரை கண்ணை எடுக்கவில்லை.

"மனோகர் சார்" என்று கூப்பிட்டேன். "இங்கே வந்து பாருங்க. யார் வீட்டுப் பெண்ணுன்னு கேட்டீங்களே."

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே இருந்தார்.